கண்டறியப்படாத டிரைவ்

மாஸ்டரின் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த அடைப்பின் படம் ஒரு சிடியில் இருக்கிறது என்பதிலும் சந்தேகம் இல்லை. அந்தச் சிடியைப் போட்டுப் பார்க்கப் பெரிய மருத்துவமனையில் ஒரு டிரைவ் இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம் வந்தது. அதுவும் டிரைவைக் கண்ணால் பார்த்த பிறகு வந்தது.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆயுளில் பாதியை அதன்மேல் காலை வைத்துக்கொண்டே கழித்ததால், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி கேட்கும்போதும் பதற்றமான இடம் வந்தால் கால் தரையை அழுத்தும். கற்றுக்கொண்டவர்கள் ‘பிரேக் மாஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. விதி என்றால் அவருக்கு உயிர். ஒரு முறை சிவப்பு விளக்கு பழுதாகி, ஆளில்லாத சாலையில் பகல் முழுக்கச் சிவப்பாகவே எரிந்தபோது, அவர் அங்கேயே வண்டியை நிறுத்தி மதியச் சாப்பாட்டை முடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். அவர் சாப்பிடவில்லை. பயிற்சி வண்டிக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி.

இப்படிப்பட்டவருக்கு மருத்துவமனை ஒரு சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். அங்கே சுவர் தெரியாத அளவுக்கு விதிகள் ஒட்டியிருந்தன.

இதய டாக்டர் நல்ல மனிதர். மனைவியின் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, அது சரிதானா என்று திரையிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ஆபரேஷன் செஞ்சுடலாம்மா. ஆனா ரத்தக்குழாய் எங்க, எவ்வளவு அடைச்சிருக்குன்னு நான் பாக்கணும். முன்னாடி பாத்த ஆஸ்பத்திரியில சாயம் ஏத்திப் படம் எடுத்தாங்கல்ல?”

“எடுத்தாங்க டாக்டர். சிடியில குடுத்தாங்க” என்றார் மாஸ்டர். “அந்த ஆஸ்பத்திரியைத்தான் இப்ப மூடிட்டாங்க. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.”

“பத்திரமா வச்சுக்கங்க. மறுபடி சாயம் ஏத்துனா இவங்க கிட்னி தாங்காது. ஏற்கெனவே அது அரைகுறையாத்தான் ஓடிட்டிருக்கு. சிடியைக் கீழ படப்பிரிவுல குடுங்க, என் திரைக்கு அனுப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடணும்.”

“வரலன்னா?”

“சனிக்கிழமை சாயப் பரிசோதனை தானாப் பதிவாயிடும்.”

“கிட்னி தாங்காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“அது நான் சொன்னது. பதிவு பண்றது சிஸ்டம்.” மழை வருமா வராதா என்பதைப் போலச் சொன்னார் டாக்டர், மனிதர் கையில் என்ன இருக்கிறது என்கிற தொனி.

மனைவி வெளியே வந்ததும் சொன்னார்: “சிடியைக் கீழ குடுக்கணும், அவ்வளவுதானே. இதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? போய்க் குடுத்துட்டு வாங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்.”

அவர் உட்கார்ந்தது திங்கட்கிழமை.

*

மருத்துவமனை அண்மையில்தான் மெய்நிகர் ஆகியிருந்தது. முன்பெல்லாம் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இப்போது படப்பிரிவில் பீரோ உயரத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்; மருத்துவமனையின் மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதற்குள் வசிப்பதாக ஏற்பாடு. டாக்டர்களின் மேஜைமேல் வெறும் திரைதான். திரையில் தெரியும் கம்ப்யூட்டருக்கு உடம்பு கிடையாது. பீரோவுக்குள் ஆவியாக இருந்துகொண்டு வேலை பார்க்கும். எந்த ஆவிக்கு எவ்வளவு இடம், எந்த ஆவிக்கு எந்தச் சாமான் என்று பங்கு பிரித்துக் கொடுக்க ஒரு மேலாண்மை மென்பொருள் இருந்தது. அதன் பட்டியலில் என்ன தெரிகிறதோ அது மருத்துவமனையில் உண்டு. தெரியாதது இல்லை. இதுதான் புதிய ஏற்பாட்டின் சாரம். பழைய ஏற்பாட்டில் பொருள்கள் தாமாகவே இருந்துகொண்டிருந்தன. அதனால் பெரிய குழப்பம் என்று சொன்னார்கள்.

படப்பிரிவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம். சிடியை வாங்கக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் சார். டிரைவ் இருக்கான்னு பாத்துடறேன்.” திரையைப் பார்த்தாள். “இல்ல சார்.”

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பெண்ணின் முழங்கைக்குப் பக்கத்தில் பீரோ. பீரோவின் நெற்றியில் ஒரு டிரைவ். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இதோ இருக்கேம்மா.”

“ஆமா சார், இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“லிஸ்ட்ல இல்ல.” அவள் பொத்தானை அழுத்தினாள். டிரைவ் மாஸ்டரைப் பார்த்து நாக்கை நீட்டியது. மறுபடி அழுத்தினாள். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. “பாத்தீங்களா, அருமையா வேலை செய்யுது. என்ன பண்றது, இல்லையே!”

“சும்மா ஒரு தடவை சிடியைப் போட்டுப் பாத்தா என்ன?”

பெண்ணின் சிரிப்பு அணைந்தது. விரலால் சுவரைக் காட்டினாள். ‘கண்டறியப்படாத டிரைவில் வட்டு இடுவது தண்டனைக்குரிய குற்றம் — பாதுகாப்பு அதிகாரி’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எப்போதோ யாரோ பாட்டு சிடியைப் போட, வைரஸ் புகுந்து, மருத்துவமனை ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டதாம். அதிலிருந்து இந்த விதி.

சிவப்பு எழுத்தைக் கண்டதும் மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. அவர் சிடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். “தெரியாமக் கேட்டுட்டேம்மா. மன்னிச்சுக்கோ.”

“கண்டறிதல் பிரிவுக்குப் போங்க சார். மேல் மாடி. அவங்க கண்டறிஞ்சு குடுத்தா, நான் ஒரே நிமிஷத்துல அனுப்பிடுவேன்.”

*

கண்டறிதல் பிரிவுக்கு மாஸ்டர் போய்ச் சேர்ந்தபோது, எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து மாஸ்டரும் தலையைக் குனிந்து நின்றார். நடுவில் கண்டறிதல் அதிகாரி, இஸ்திரி கலையாத சட்டையோடு, சுட்டுவிரலை உயர்த்தினார். விரல் மெதுவாக இறங்கியது. ‘மறுதேடல்’ என்ற பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வட்டம் நின்றது. ‘இயற்பியல் டிரைவ்கள்: எதுவும் இல்லை.’ கையால் தொடக்கூடிய டிரைவுக்கு மென்பொருள் வைத்திருந்த பெயர் அது.

“அப்பாடா” என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். காலை மறுதேடல் முடிந்தது. டீ வந்தது.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பொறுமைக்காகவே அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள்.

“சார், நீங்க சொல்றதுல ஒரு அடிப்படைத் தப்பு இருக்கு. இருக்கறது வேற, கண்டறியப்படறது வேற. இருக்கறதுக்கு என்ன தகுதி வேணும்? கல்லு இருக்கு, மண்ணு இருக்கு. நீங்களும் நானும் இருக்கோம். கண்டறியப்படறதுக்கு ஒரு முறை இருக்கு.”

“நீங்க ஒரு தடவை கீழ வந்து பாத்தீங்கன்னா...”

“பாத்தா அது ‘பார்த்தல்’. நாங்க ‘கண்டறிதல்’. பாக்கறதுக்குத் தனிப் பிரிவு இருந்துச்சு. போன வருஷம் கலைச்சுட்டாங்க. அவங்க பாத்ததுக்கும் நாங்க கண்டறிஞ்சதுக்கும் ஒத்தே போகல.”

மாஸ்டர் குழம்பினார். “இந்தப் பிரிவு இதுவரைக்கும் என்னதான் சார் கண்டறிஞ்சிருக்கு?”

“ஒண்ணும் இல்ல” என்றார் அதிகாரி பெருமையோடு. “ஒரு தவறான கண்டறிதல்கூட எங்க மேல கிடையாது. விசாரிச்சுப் பாருங்க.”

மாஸ்டரின் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. “சரி, வெறுங்கையோட போகாதீங்க. டிரைவ்தானே வேணும்? மெய்நிகர் டிரைவ் தர்றேன். எத்தனை வேணும்?” என்று கேட்டு, விரலால் தட்டத் தட்ட, திரையில் டிரைவ்கள் முளைத்தன. மெய்நிகர் டிரைவ் ஒன்று, மெய்நிகர் டிரைவ் இரண்டு என்று திரை நிறைந்து வழிந்தது. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவரைப் போல, போதும் போதும் என்று மாஸ்டர் கை காட்டும்வரை அவர் நிறுத்தவில்லை.

“இதுல என் சிடியை எந்தப் பக்கமா சார் போடறது?”

“போட முடியாது. அதான் இதோட பாதுகாப்பு.”

“பின்ன இதுக்குள்ள என்ன போடறது?”

“மெய்நிகர் சிடி. அதுவும் நானே தர்றேன். காலியா இருக்கும். டாக்டர் திரைக்கு இப்பவே இணைச்சுடறேன். சந்தோஷமாப் போங்க.”

மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று படிக்கட்டில் நின்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

*

மறுநாள் காலை வீட்டில் மனைவியின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். “அன்புள்ள நோயாளிக்கு. தங்கள் சிடி ஆராயப்பட்டது. இதயம்: கண்டறியப்படவில்லை.”

“என்னது?” என்று குளியலறையிலிருந்து பாதி நுரையோடு வந்தார் மாஸ்டர்.

“எனக்கு இதயமே இல்லையாம். நீங்க இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கறதை அவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.”

“விளையாடாத. இன்னும் கீழ என்னமோ இருக்கு பாரு.”

இருந்தது. ‘படம் காலியாக உள்ளபடியால், சனிக்கிழமை காலை சாயப் பரிசோதனை பதிவு செய்யப்பட்டுள்ளது. வாழ்க நலம்.’

மனைவி போனைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். கேலி பேசுகிறவர் பேசாமல் இருந்தால் மாஸ்டருக்கு வண்டி சரிவில் உருள்வதைப் போல இருக்கும்.

“ஏங்க, கிட்னி போச்சுன்னா வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல படுத்துக்கணுமாமே? பக்கத்து வீட்டக்கா சொன்னா.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

“ஆகாதுன்னு யார் கண்டறிஞ்சா?”

மாஸ்டர் சிடியை எடுத்துக்கொண்டு மைத்துனரின் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடினார். மைத்துனரின் லேப்டாப்பில் சிடி போட்டதும் படம் ஓடியது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிளை விரிந்தது, துடித்தது, ஓர் இடத்தில் மெலிந்து, நூலாகி, மறுபடி விரிந்தது. தன் அக்காவின் இதயம் தன் கண்ணெதிரில் அடித்துக்கொள்வதைப் பார்த்த மைத்துனர், கல்யாண வீடியோக்களில் நூற்றுக்கணக்கான அழுகையைப் படம் பிடித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எடுத்துட்டுப் போங்க மாமா, லேப்டாப்பை அப்படியே தூக்கிட்டுப் போய் டாக்டர் முன்னாடி வையுங்க.”

மருத்துவமனை வாசலில் காவலாளி லேப்டாப்பை நிறுத்திவிட்டார். வெளித் திரைகளுக்கு அனுமதி இல்லை. பென்டிரைவுக்கும் இல்லை, கம்ப்யூட்டரில் அதைச் செருகும் துளைகளுக்கெல்லாம் மெழுகு ஊற்றி அடைத்திருந்தார்கள். மாஸ்டர் டாக்டரையே வாசலுக்கு வரச் சொல்லிப் போன் செய்தார். டாக்டர் வந்தார், அவ்வளவு நல்ல மனிதர். லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்றார். ஆனால் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நான் பாத்துட்டா கஷ்டம் சார். பாத்தது மனசுல இருக்கும், சிஸ்டத்துல இருக்காது. சிஸ்டத்துல இல்லாததை வச்சு நான் கத்தியை எடுத்தா, நாளைக்கு நான் டாக்டரே இல்லன்னு ஆயிடும். என் திரையில வரவையுங்க, உசுரக் குடுத்துப் பண்றேன்.”

அவர் கண்ணோரம் மட்டும் லேசாக லேப்டாப் பக்கம் நழுவியதை மாஸ்டர் கவனித்தார். உடனே அதை இழுத்துக்கொண்டு, டாக்டர் வேகமாக உள்ளே போய்விட்டார்.

*

புதன்கிழமை, மெய்நிகர் டிரைவ்களின் திறப்பு விழா. திங்கட்கிழமை மாஸ்டருக்காக முளைத்தவைதான். அதற்குள் சாதனை ஆகிவிட்டிருந்தன. கூட்ட அரங்கில் ஒரு திரை. திரையில் ஒரு ரிப்பன். இயக்குநர் மவுஸால் அதைக் கத்தரித்தார். கைதட்டல் மட்டும் நிஜமாக இருந்தது.

இயக்குநரைப் பார்த்து முறையிடலாம் என்று மாஸ்டரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“நண்பர்களே” என்று தொடங்கினார் இயக்குநர். “நான் பொறுப்பேற்கும்போது இந்த மருத்துவமனையில் எங்கு பார்த்தாலும் பொருள்கள். பொருள் என்றால் என்ன? தூசி படியும், தேயும், உடையும். இன்று நமது மெய்நிகர் டிரைவ்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஏன்? அவற்றை யாரும் பயன்படுத்த முடியாது! இதைத்தான் நான் நம்பகத்தன்மை என்று சொல்கிறேன். கட்டில்களிலும் இந்தத் திசையில் யோசித்து வருகிறோம். நோயாளி ஒருவர் நேரில் வரும்போதுதான் வரிசை உண்டாகிறது, சத்தம் உண்டாகிறது, புகார் உண்டாகிறது. நேரில் வருவதை நிறுத்திவிட்டால், இந்த மருத்துவமனை குறையே இல்லாத மருத்துவமனை!”

கண்டறிதல் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால், வலப்பக்கம் திரும்பப்போகும் வண்டியைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். “ஐயா, கீழ படப்பிரிவுல நிஜமாவே ஒரு டிரைவ் இருக்குங்க. லிஸ்ட்ல மட்டும் தெரியல. என் மனைவிக்கு...”

அரங்கம் திரும்பிப் பார்த்தது. நிஜம் என்ற சொல் அங்கே அவ்வளவு நாகரிகமாக இல்லை.

இயக்குநர் புன்னகைத்தார். “பாருங்கள், பொதுமக்களின் ஆர்வத்தை! நல்லது. டிரைவ் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய இப்போதே ஒரு குழு அமைக்கிறேன். குழு வெள்ளிக்கிழமை கூடும்.”

மறுபடி கைதட்டல். பக்கத்திலிருந்தவர் மாஸ்டரின் கையைக் குலுக்கினார். “பெரிய ஆளு சார் நீங்க. எங்க பிரிவுக் கூரை ஒழுகறதுக்கு மூணு வருஷமா ஒரு குழு கேட்டுட்டிருக்கோம்.”

*

வெள்ளிக்கிழமை மனைவியும் கூட வந்தார். மறுநாள் பரிசோதனைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டுமாம். ரத்தம் எடுக்கும் அறையில் எந்தக் குறையும் இல்லாமல் எல்லாம் மளமளவென்று நடந்தது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, அவர் படப்பிரிவு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

குழு வந்தது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஒருவர். எதிலிருந்து ஓய்வுபெற்றார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஒரு பக்கம் கண்டறிதல் அதிகாரி. இன்னொரு பக்கம் பாதுகாப்பு அதிகாரி. மீசையை முறுக்கி விட்டிருந்தார், இடுப்பில் சாவிக்கொத்து, மெய்நிகர் ஆன பிறகு அதில் எந்தச் சாவிக்கும் பூட்டு இல்லை.

குழு டிரைவின் முன்னால் வரிசையாக நின்றது. பெண் பொத்தானை அழுத்தினாள். டிரைவ் குழுவுக்கும் நாக்கை நீட்டியது.

“இதுதானா அது?” என்றார் தலைவர்.

“இது எதுன்னு முடிவு பண்ணத்தான் சார் கூடியிருக்கோம்” என்றார் கண்டறிதல் அதிகாரி.

எல்லோரும் டிரைவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். மறுதேடல் நடந்தது. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எதுவும் இல்லை.

“ஆக, மென்பொருளில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று தலைவர் கேட்டதுதான் தாமதம், கண்டறிதல் அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது.

“அபாண்டம் சார்! மென்பொருள் கையேட்டிலயே தெளிவாப் போட்டிருக்கு. டிரைவுக்குள்ள வட்டு இருந்தாத்தான் பட்டியல்ல தோணும். வட்டு இல்லாத டிரைவ் தோணாது. இது காலியா இருக்கு. தோணல. இதுல கோளாறு எங்க வந்துச்சு? இவ்வளவு துல்லியமா வேலை செய்யற மென்பொருளை நீங்க வேற எங்கயும் பாக்க முடியாது.”

தலைவர் மெச்சுதலாகத் தலையாட்டினார். பிறகு பாதுகாப்பு அதிகாரியிடம் திரும்பினார். “அப்போ வட்டு போடறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம்?”

“ஆட்சேபமா? எனக்கா?” மீசை துடித்தது. “எத்தனை வட்டு வேணும்னாலும் போடட்டும் சார். ராத்திரி பகல் போடட்டும். பட்டியல்ல தெரியற டிரைவா இருக்கணும், அவ்வளவுதான். பொதுமக்களுக்கு நாங்க என்னைக்குமே தடையா இருந்ததில்ல.”

தலைவர் கண்ணை மூடி, இரண்டையும் மனதுக்குள் எடை போட்டார். திறந்தபோது முகத்தில் நிம்மதி. “ஆக, ரெண்டு பேர் பக்கமும் தப்பு இல்ல. அப்படின்னா பிரச்சினையே இல்ல. குழு இத்துடன் கலைகிறது.”

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். யாரோ டீ சொல்லப் போனார்கள்.

மாஸ்டர் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்ததைப் போலவும் ஒன்றுமே புரியாததைப் போலவும் இருந்தது. நான்கு சாலைகள் கூடும் இடத்தில் நான்கு பக்கமும் சிவப்பு எரிந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவர் ஒரு தடவை கேட்டபோது, அப்படி ஆகாது என்று சொல்லித் தப்பித்திருந்தார்.

“ஏங்க” என்றார் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. குரல் மெல்லியதாக இருந்தது. ரத்தம் எடுத்த களைப்பு. “உள்ள போட்டாத்தான் தெரியுமாம். தெரிஞ்சாத்தான் உள்ள போடலாமாம். எனக்கு இதுக்கு மேல வெளங்கல. ஆனா நாளைக்கு என் உடம்புக்குள்ள அந்தச் சாயத்தை ஏத்தப் போறாங்கல்ல, அதுக்கு மட்டும் ஒரு விதியும் குறுக்க வரல பாத்தீங்களா?”

மாஸ்டர் அவரைப் பார்த்தார். பஞ்சை அழுத்திய விரலைப் பார்த்தார். சுவரின் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அவருடைய கால் தரையை அழுத்தியது. இத்தனை காலமாக எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றிய கால். இன்றைக்கு அது யாரைக் காப்பாற்றுகிறது என்று அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. காலைத் தூக்கினார்.

முதலில் பின்னால் பார்த்தார். பிறகு இடது, வலது. பழக்கத்தை விட முடியாமல், கையை முழுசாக நீட்டி சிக்னல் காட்டினார். கண்டறிதல் அதிகாரி அது தனக்கு என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். மாஸ்டர் இரண்டடி முன்னால் போனார், டிரைவின் நாக்கில் சிடியை வைத்தார், தள்ளினார்.

டிரைவ் உறுமியது. யாரும் மூச்சை அடக்காமலே, ஒருவரும் விரலை உயர்த்தாமலே, திரையில் ஒரு வரி வந்தது: ‘இயற்பியல் டிரைவ்: ஒன்று கண்டறியப்பட்டது.’

எல்லோரும் டிரைவின் பக்கம் திரும்பினார்கள்.

“வந்துருச்சு” என்றார் கண்டறிதல் அதிகாரி. “சார், கண்டறிஞ்சுட்டோம்! எங்க பிரிவு வரலாற்றுலயே முதல் தடவை!”

“பிடிங்க அந்த ஆளை!” என்றார் பாதுகாப்பு அதிகாரி. “கண்டறியப்படாத டிரைவ்ல வட்டு போட்டுட்டான்!”

“எந்தக் கண்டறியப்படாத டிரைவ்?” கண்டறிதல் அதிகாரி சீறினார். “கண்ணு தெரியலையா? இது கண்டறியப்பட்ட டிரைவ். இதுல தாராளமாப் போடலாம்னு இப்பத்தானே ஓய் சொன்னீரு?”

“போடும்போது கண்டறியப்படல!”

“போடும்போது இதுல டிரைவே இல்லைய்யா. இல்லாத டிரைவ்ல எப்படிப் போட முடியும்?”

பாதுகாப்பு அதிகாரி யோசித்தார். “அப்ப சிடியை வெளிய எடுக்கறேன். எடுத்துட்டா குற்றம் தெரிஞ்சுடும்.”

“எடுத்துப் பாருங்க. எடுத்தா டிரைவ் மறைஞ்சுடும். டிரைவே இல்லாத ஊர்ல குற்றம் எங்க நடந்துச்சுன்னு காட்டுவீங்க?”

பாதுகாப்பு அதிகாரியின் கை டிரைவின் பொத்தான் வரை போய் அந்தரத்தில் நின்றது. எடுத்தால் குற்றம் இல்லை. எடுக்காவிட்டாலும் குற்றம் இல்லை. குற்றவாளி மட்டும் எதிரில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் குழுவை மறுபடி கூட்டலாமா, கலைந்த குழு கூடுமா என்று கேட்டார்.

இந்தச் சந்தடியில் படப்பிரிவுப் பெண், பட்டியலில் தெரிந்த அந்த ஒரே நிஜ டிரைவை இதய டாக்டரின் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். சொன்னபடியே ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. அவள் திரையின் மூலையிலும் படம் ஓடத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைக் கிளை விரிந்தது, துடித்தது, நூலாகி மறுபடி விரிந்தது.

சண்டை தானாக ஓய்ந்தது. பாதுகாப்பு அதிகாரியும் பார்த்தார். மீசை மறந்துபோய் வாய் திறந்திருந்தது.

“யாருதும்மா அது?” என்று கேட்டார் தலைவர்.

“என்னுதுதான்” என்றார் மாஸ்டரின் மனைவி. “நல்லாப் பாத்துக்கங்க. இல்லன்னு மெசேஜ் அனுப்பியிருந்தீங்க.”

மேஜைமேல் போன் அடித்தது. பெண் எடுத்துக் கேட்டு, அப்படியே மாஸ்டரிடம் நீட்டினாள். டாக்டரின் குரல்.

“வந்துருச்சு சார்! தெளிவா வந்துருச்சு. நல்லாப் பாத்துட்டேன். அடைப்பு ரெண்டு இடத்துல, ரெண்டையும் சரி பண்ணிடலாம். சாயம் வேண்டாம். நாளைய பதிவை நான் ரத்து பண்றேன், இப்ப சிஸ்டம் விடுது. அடுத்த வாரம் ஆபரேஷன் வச்சுக்கலாம். கேக்குதா சார்? சார்?”

மாஸ்டருக்குக் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே நின்று, அத்தனை அதிகாரிகளுக்கு நடுவில், தோள் குலுங்க அழத் தொடங்கினார்.

மனைவி எழுந்து வந்தார். பஞ்சை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த போனை வாங்கிக் கீழே வைத்தார்.

“என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி. யாருக்கு என்ன ஆச்சுன்னு இப்ப அழுவுறீங்க? நான்தான் இருக்கேன்ல?”

கண்டறிதல் அதிகாரி, சரிதானா என்று திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டார்.